ஆர்சி புக்கை லேத்தில் கடைய முடியாது

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்களுக்குத் தோட்டமும் கொஞ்சம் மானாவாரிக் காடும் இருக்கிறது. மழை பெய்தால் இட்டேரியில் பைக்கூட போகாது. 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது. ஃபோர் வீல் வேலை செய்கிறது, இன்ஜின் போன வருடம்தான் செய்தது, எஃப்சி மட்டும் முடிந்துவிட்டது, அதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? வாங்கினால் எப்படி வைத்துக்கொள்வது?

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். விற்பவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன்: "எடுத்துக்கலாம்."

நம் பக்கத்தில் இரும்பு வேலைக்குப் பஞ்சமில்லை. கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறையும் லேத்தும் தெருவுக்குத் தெரு உண்டு. திருச்செங்கோட்டில் லாரி சேஸ் மேல் போர்வெல் போடுகிற முழு ரிக்கையே ஏற்றி நிறுத்துகிறார்கள். நாமக்கல்லில் வெறும் சேஸாகப் போகும் லாரி பாடியோடு திரும்பி வருகிறது. இப்படிப்பட்ட சீமையில் ஒரு பழைய ஜீப்பின் புஷ்ஷோ பின்னோ புல்லியோ, ஏன் தரைத் தகடே போனாலும், அளவெடுத்துச் செய்து கொடுக்க ஒருத்தர் இருப்பார். லேத்தில் கடைய முடியாதவை இரண்டுதான். ஒன்று சேஸில் குத்தியிருக்கிற நம்பர். இன்னொன்று அந்த நம்பரைச் சொல்கிற ஆர்சி புக். இவை இரண்டும் சரியாக இருந்தால் மற்ற எந்தக் குறைக்கும் விலை பேசிக் குறைத்துக்கொள்ளலாம். இவை சரியில்லை என்றால் இன்ஜின் மணி மாதிரி ஓடினாலும் அந்த வண்டி உங்கள் கட்டுத்தறியில் நிற்கிற பழைய இரும்புதான்.

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், எஃப்சி எடுப்பது என்று பேச்சில் சொல்வது இதைத்தான். 1994 வண்டி என்றால் 2009, 2014, 2019, 2024 என்று நான்கு முறை ஆர்டிஓ ஆபீஸ் வாசலை மிதித்திருக்க வேண்டும். 2024-இல் மிதிக்கவில்லை என்று தெரிகிறது. அதற்கு முன்னால் மூன்று முறையும் ஒழுங்காகப் போனதா என்று பாருங்கள். 2022 ஏப்ரலில் கார், ஜீப்புகளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு அதை 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி, தாமதமான மாதங்களுக்கு அபராதம் தனி. இதெல்லாம் கட்டிவிடலாம். ஆனால் வண்டி பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும், சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும். அது அவ்வளவு சுலபமாக நடக்கிற வண்டியாக இருந்தால் அவரே முடித்து, கூட கொஞ்சம் விலை வைத்து விற்றிருப்பார். அதனால் முன்பணம் கொஞ்சமாகக் கொடுத்து, "நீங்களே எடுத்துக் கொடுத்துருங்க, செலவை நான் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் போகிற போக்கிலேயே பாதி விவரம் தெரிந்துவிடும்.

"பழைய டீசல் வண்டியா, கவர்மெண்டு பிடுங்கிக்கும்" என்று டீக்கடையில் ஒருத்தர் கட்டாயம் சொல்வார். 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்கிற வயசுக் கட்டுப்பாடு டெல்லியும் அதைச் சுற்றின பகுதிகளும் சம்பந்தப்பட்டது. நம் ஊரில் வண்டி பரீட்சையில் தேறினால் ஓடலாம்.

இன்னொரு பொறி, இன்ஜின் மாற்றம். பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின், ஒரு டீசலை எடுத்துவிட்டு வேறொரு டீசல் என்று ஒரு காலத்தில் சட்டையை மாற்றுவது போல மாற்றினார்கள். ஆர்சியில் உள்ள இன்ஜின் நம்பரும் பிளாக்கில் உள்ள நம்பரும் ஒன்றா, எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. இராணுவ ஏலத்தில் வந்தது என்று சொல்லி விற்கிற வண்டிகளில் இந்தக் காகிதத் தகராறு இன்னும் அதிகம். ஏலச் சீட்டிலிருந்து இன்றைய ஆர்சி வரை சங்கிலி அறாமல் இருக்க வேண்டும்.

காகிதம் போதும், வண்டிக்கு வருவோம். உங்கள் தேவைக்கு எம்எம் 540 தப்பான தேர்வு இல்லை. மஹிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைக் கோர்க்க ஆரம்பித்தது 1947-இல். உயரமான பானெட் வைத்த பெட்ரோல் சிஜே 3பி எங்கள் அப்பாவிடம் இருந்தது. பார்க்க அழகு. ஆனால் உடுமலையிலிருந்து பொள்ளாச்சி சந்தைக்குப் போய் வருவதற்குள் பெட்ரோல் பங்க்காரர் ஒறம்பரை (சொந்தக்காரர்) ஆகிவிடுவார். எம்எம் 540-இல் பெரும்பாலும் வருவது 2112 சிசி பெஜோ டீசல். சத்தம் குறைவு, காலையில் ஹீட்டர் போட்டு நாலைந்து எண்ணிவிட்டு ஸ்டார்ட் பண்ண வேண்டும். பின்னால் வந்த எம்டிஐ இன்ஜினுக்கு டிராக்டர் குணம். உடம்பெல்லாம் ஆட்டும், மைலேஜ் கொடுக்கும், மிதி வாங்கிக்கொள்ளும். 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி வேறு ஜாதி. முதலில் 970 சிசி, 1996-இல் 1298 சிசி கிங், 2000-இல் எம்பிஎஃப்ஐ. எடை குறைவு என்பதால் சேற்றில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிப் போகும். ஆனால் பெட்ரோல், பின்னால் நாலு தீவன மூட்டை ஏற்றினால் முனகும். ஜபல்பூரில் இராணுவத்துக்காகச் செய்த ஜோங்காவை வாங்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அது குடிக்கிற பெட்ரோலுக்கு ஒரு கிணறு தனியாக வெட்ட வேண்டும்.

முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். மேலே பார்க்க ஒன்றுமில்லை, புது பெயின்டுதான் இருக்கும். கையில் சின்னச் சுத்தியல் வைத்துக்கொண்டு சேஸ் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு "டங்" என்று சொல்லும், துரு தின்றது "டொக்" என்று சொல்லும். முன் பிளேட் செட் (பட்டை ஸ்பிரிங்) சேஸோடு சேருகிற இடம், ஸ்டீரிங் பாக்ஸ் உட்காருகிற இடம், பாடி போல்ட் இறங்குகிற இடம், இந்த மூன்றும் முக்கியம். ஸ்டீரிங் பாக்ஸ் அருகில் சேஸில் வெடிப்பு விடுவதும் அதை வெல்டிங் வைத்து மூடுவதும் சாதாரணம். தகடு வைத்து ஒழுங்காகக் கட்டியிருந்தால் பரவாயில்லை, வெறும் வெல்டிங் கோடு மட்டும் ஓடினால் அது மறுபடி வெடிக்கும். எங்கே ஓடின வண்டி என்றும் கேளுங்கள். நம் தாராபுரம், காங்கேயம் பக்கத்து வறட்டு வெயில் மனுசனுக்குத்தான் கஷ்டம், தகட்டுக்கு நல்லது. வால்பாறை எஸ்டேட்டிலோ கேரளத்திலோ மழையில் ஊறின வண்டி என்றால் உள்ளே விரித்திருக்கும் விரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

இன்ஜினைக் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடம் ஓடினபின் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறங்கள். லேசாக ஆவி வந்தால் வயசு. புசுபுசுவென்று புகை அடித்து, மூடியை மேலே வைத்தால் தாளம் போட்டால் அது பேக் கம்ப்ரஷன். ரிங்கும் லைனரும் முடிந்துவிட்டன என்று அர்த்தம். "இன்ஜின் போன வருடம்தான் செய்தது" என்று சொல்லாத விற்பனையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. என்ன செய்தது என்று கேளுங்கள். லைனர், பிஸ்டன் மாற்றினதா, வெறும் ரிங் போட்டதா? கிராங்க் கிரைண்டிங் எங்கே கொடுத்தார்கள்? டீசல் பம்பு சோதனை பெஞ்சில் ஏறினதா? நிஜமாகவே செய்தவர் கேட்காமலேயே பில்லை நீட்டி அரைமணி நேரம் புலம்புவார்.

இப்போது நாலு வீலும் இழுக்கிறதா என்கிற கேள்வி. லீவர் இருப்பதால் இழுக்கும் என்று நம்பக் கூடாது. முன் ஆக்ஸிலுக்கு இழுவையைக் கொண்டு போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு லீவரை மட்டும் வைத்திருக்கிற ஜீப்புகள் எத்தனையோ. "இழுவை குறையுதுங்க, மைலேஜ் வருதுங்க" என்பார்கள். ஷாஃப்ட் இருந்தாலும் உள்ளே ஆக்ஸில் ஒடிந்திருக்கலாம். சோதிக்க எளிய வழி இருக்கிறது. மண் தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஃபோர் வீல் லீவரையும் போடுங்கள். முன் ஹப்பில் லாக் இருந்தால் அதையும் திருகுங்கள். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடி நின்றுகொண்டால் சங்கதி சரி. தாராளமாகச் சுற்றினால் வழியில் எங்கோ ஒன்று அறுந்திருக்கிறது. அடுத்து இன்னொரு முன் சக்கரத்துக்கும் இதையே செய்யுங்கள். அப்புறம் ஓட்டிப் பார்த்து, லோ கியரில் மேடு ஏறும்போது லீவர் தானாகத் துள்ளி வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், முன் பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

பழைய ஜீப் வாங்கினவர்கள் எல்லோரும் ஒரு நாள் மெக்கானிக்கிடம் ஓடிவந்து சொல்வது ஸ்டீரிங் ஆட்டம். ஐம்பது அறுபதில் போகும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் பேய் பிடித்தது போல உதறும், ஸ்டீரிங் கையை விட்டுப் பறக்கும். முதல் முறை எனக்கு மடத்துக்குளம் தாண்டி வந்தபோது உயிரே போய்விட்டது. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரை விட்டு, கையை இறுக்காமல் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். இதற்கு ஸ்டீரிங் பாக்ஸை முறுக்கி டைட் பண்ணிக் கொடுக்கிற மெக்கானிக்கிடம் மறுபடி போகாதீர்கள். அப்படி முறுக்கினால் பாக்ஸ் உள்ளே தேய்ந்து அதுவும் போகும். முதலில் டயர் பேலன்ஸ், காற்று. பிறகு வீல் பேரிங் ஆட்டம், டை ராடு எண்டு. பிறகு முன் பிளேட் செட்டின் ஷாக்கிள் புஷ். இதெல்லாம் சரியென்றால், முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற நக்கிளில் உள்ள கிங்பின் பேரிங். அந்த பேரிங்குக்கு மேலும் கீழும் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். சரியான எண்ணிக்கை வைத்து, நக்கிள் கையால் தள்ளினால் கொஞ்சம் கனமாகத் திரும்புகிற அளவுக்கு இறுக்கம் வர வேண்டும். எனக்குக் கடைசியில் குணமானது அங்கேதான். பொள்ளாச்சியில் வயசான மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் ஒரு ஷிம்மை உருவி எடுத்துவிட்டு, "ஏங்கண்ணு, இந்தத் தகட்டுக்கா ரெண்டு வருசமா பயந்துட்டு ஓட்டுனே?" என்று சிரித்தார்.

ஓட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் செய்த தப்பைச் சொன்னாலே போதும். ஒரு ஐப்பசியில் அடைமழையாகப் பிடித்துக்கொண்டது. தோட்டத்திலிருந்து ஃபோர் வீல் போட்டு இட்டேரிச் சேற்றைத் தாண்டி, அதே நிலையில் பழனி ரோட்டில் ஏறிவிட்டேன். நன்றாகப் பிடிக்கிறதே என்று இருபது கிலோமீட்டர் போனேன். ரோடு நடுவில் காய்ந்திருந்தது. ஒரு திருப்பத்தில் வண்டி கனத்து, பிரேக் பிடித்தது போல இழுத்தது. லீவரை எடுக்கப் பார்த்தால் அசையவில்லை. இந்த ஜீப்புகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன, அதாவது அதிக தூரம் ஓடுகின்றன. லீவர் போட்டிருந்தால் இரண்டு ஆக்ஸிலையும் ஒரே கணக்கில் சுற்று என்று கட்டிப்போட்டிருக்கிறோம். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் வழுக்க விடாது. அந்த முறுக்கு ஷாஃப்ட்டிலும் கியரிலும் ஏறி நிற்கும், கடைசியில் ஷாஃப்ட் மூட்டில் உள்ள கிராஸ் உடையும் அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸ் பல் போகும். போனில் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். "நேரா ரிவர்ஸ்ல பத்தடி வாங்க, லீவர்ல கை வெச்சுட்டே வாங்க" என்றார். வந்தேன், 'டக்' என்று கழன்றது. கிராஸ் பிழைத்துக்கொண்டது என் அதிர்ஷ்டம். அதனால் தார் ரோட்டில் முன் சக்கரம் ஏறுவதற்கு முன்னாலேயே லீவரை எடுத்துவிடுங்கள். இதே காரணத்துக்காக நாலு டயரும் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால் நேராகப் போகும்போதே முறுக்கு ஏறும்.

லோ கியரை வேகம் என்று நினைக்காதீர்கள், அது பொறுமை. பழைய ஜீப் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் இழுவை சுமார் இரண்டரை மடங்கு கூடும், வேகம் அவ்வளவு குறையும். உங்கள் பக்கத்துக் கரிசல் ஈரமானால் டயர் பட்டன்களுக்கு நடுவில் களி அப்பிக்கொண்டு சக்கரம் உருண்டை உருண்டையாகப் போகும். அங்கே லோவில் முக்கி முக்கிப் போனால் புதைந்துவிடும். ஹையில், இரண்டாவது கியரில், நிற்காமல் ஒரே சீராகப் போனால் சக்கரச் சுழற்சியே களியை உதறிவிடும். செம்மண் பாதைக்கும் சுக்கான் கல் ஏற்றத்துக்கும் லோ நல்லது. அமராவதி மணலில் இறங்குவதாக இருந்தால் டயர் காற்றை 18 பாயிண்ட் அளவுக்கு இறக்குங்கள். டயர் பரந்து மேலே மிதக்கும். திரும்பி வந்து காற்றடிக்க ஒரு பம்பு வண்டியில் வேண்டும். இறக்கின காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் ஓரம் வெந்துவிடும்.

ஃபோர் வீல் என்றால் நாலும் எப்போதும் இழுக்கும் என்று நினைத்து ஏமாறாதவர் இல்லை. ஒவ்வொரு ஆக்ஸிலிலும் உள்ள டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சும்மா சுற்றுகிறதோ அதற்கே சக்தியைக் கொடுக்கும் குணம் கொண்டது. வரப்பைக் குறுக்காகத் தாண்டும்போது முன் இடதும் பின் வலதும் அந்தரத்தில் தொங்கினால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மிதிக்காதீர்கள். இறங்கி, தொங்குகிற சக்கரத்தின் அடியில் கல்லைக் கொடுங்கள். அல்லது பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே மெதுவாகக் கிளட்சை விடுங்கள். சும்மா சுற்றுகிற சக்கரத்தை பிரேக் கொஞ்சம் பிடிக்கும், தரையில் உள்ளதுக்கு இழுவை போகும்.

தண்ணீரைப் பற்றி. பல வருடம் முன்னால் கடம்பூர் மலைக்கு மேல் மாக்கம்பாளையம் பக்கம் ஒரு காரியமாகப் போயிருந்தேன். அந்த வழியில் மழை வந்தால் குரும்பூர் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் நிரம்பி பஸ்ஸே நின்றுபோகும். செந்தண்ணி புரண்டு ஓடுகிறது, நான் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறேன். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏனுங்க, மேல மழை விட்டுப்போச்சுங்க. பொழுதோட தண்ணி எறங்கிரும். சித்த உக்காருங்க" என்றார். இரண்டு மணி நேரத்தில் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. மலைப் பள்ளத்து வெள்ளம் எப்படி வந்ததோ அப்படியே வடியும். காலால் நடந்து பார்க்க முடியாத தண்ணீரில் ஜீப்பை விடாதீர்கள். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால் நனையாது என்று தைரியம் சொல்வார்கள். ஏர் பில்டர் வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் போதும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பள்ளத்தில் இறங்குமுன் சூடான ஆக்ஸில் ஹவுசிங்கை ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான இரும்பு தண்ணீரில் பட்டதும் உள்ளே உள்ள காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த நாள் டிஃபரன்ஷியல் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆயில் டீ நிறத்தில் வந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். 90 கியர் ஆயில் விலை குறைவு, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பல் விலை அப்படியில்லை.

கரையேறினதும் நூறடி தூரம் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே போங்கள். டிரம்முக்குள் தண்ணீர் இருக்கும், முதல் மிதியில் பிரேக் இருக்காது. இதைச் சொல்லும்போது மலை இறக்கமும் ஞாபகம் வருகிறது. வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி, திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70. பழைய ஜீப்பில் நான்கும் டிரம் பிரேக். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தே வந்தால் சூட்டில் பிடி விட்டுவிடும், பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ஏறின கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்கிற ஆளைப் பக்கத்தில்கூட உட்கார வைக்காதீர்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றிவிடுங்கள், அது காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ரிப்பேர். லேத்தில் எதையும் செய்யலாம் என்று ஆரம்பத்தில் பெருமையடித்தேன். செய்யலாம் என்பது ஒன்று, செய்யத் தகும் என்பது வேறு. ஷாக்கிள் பின், புஷ், ஸ்பேசர், புல்லி, பெடல் லிங்க், சைலன்சர் பைப், ரேடியேட்டர் பிராக்கெட், இதெல்லாம் தாராளமாக நம் ஊர் வேலை. சொல்லப்போனால் கன்மெட்டலில் கடைந்த புஷ் கடையில் வாங்குவதைவிட நாள் தாங்கும். ஆனால் ஸ்டீரிங்கைச் சேர்ந்த எதிலும் வெல்டிங் கூடவே கூடாது. டை ராடு எண்டு, டிராப் ஆர்ம், நக்கிள் ஆர்ம் தேய்ந்தால் புதுசு. வீல் ஸ்டட் போனால் பொருத்தமான போல்டைக் கடைந்து போட்டுக் கொடுப்பார்கள், வேண்டாம். ஆக்ஸில் ஷாஃப்ட்டில் ஸ்ப்ளைன் தேய்ந்ததை வெல்டிங் ஏற்றி மறுபடி வெட்டிக் கொடுப்பார்கள், அதுவும் வேண்டாம். சூடு பட்ட இடத்தில் குணம் மாறி, அடுத்த பெரிய மேட்டில் அங்கேயே ஒடியும். பிரேக் டிரம்மை லேத்தில் ஏற்றி வழித்துக்கொண்டே போனால் ஒரு அளவுக்கு மேல் தகடாகிவிடும். பேரிங், ஆயில் சீல், வீல் சிலிண்டர் கிட் மூன்றையும் நல்ல கம்பெனி சரக்காக மட்டும் வாங்குங்கள். பழைய ஹவுசிங், கியர் பாக்ஸ் உடம்பு, கதவு மாதிரி கனமான சாமான்களுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு சனிக்கிழமை அலையலாம். நம் பார்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். "540-க்கு வேணும்" என்று வாயால் சொன்னால் ஐந்து வகை காட்டுவார்கள்.

பிளேட் செட்டில் ஏற்கெனவே யாராவது எக்ஸ்ட்ரா பிளேட் சேர்த்திருந்தால் கழற்றிவிடுங்கள். பால் கேனுக்கும் தீவனத்துக்கும் கம்பெனி கணக்கே போதும். எண்ணிக்கை கூடினால் முதுகெலும்பும் உடையும், சேஸும் வெடிக்கும்.

பராமரிப்பில் நம் சீமைக்கென்று உள்ளது தூசி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உடுமலை, பல்லடம் பக்கம் மண்ணை வாரி இறைக்கும் மாதங்களில் ஏர் பில்டரை வாரம் ஒரு முறை பாருங்கள். பழைய வண்டிகளில் ஆயில் ஊற்றுகிற பில்டர் இருக்கும். அடியில் சேறு படிந்ததும் கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்ற வேண்டும். இதை விட்டால் அந்த மண்தான் லைனரைத் தேய்த்து, போன வருடம் செய்த இன்ஜினை அடுத்த வருடமும் செய்ய வைக்கும். கிரீஸ் கன் ஒன்று சொந்தமாக வாங்கிவிடுங்கள். கிராஸ், ஷாக்கிள், டை ராடு என்று நிப்பிள் உள்ள இடத்திலெல்லாம் மாதம் ஒரு முறை, தண்ணீரில் இறங்கினால் அன்றைக்கே. டீசல் பில்டர் மாற்றினால் ஏர் பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பம்பு அடித்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும் வரை விடுகிற வேலையை முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காட்டுக்குள் நடுராத்திரியில் கற்றுக்கொள்வீர்கள். விளக்கு மங்கினால் பேட்டரியைத் திட்டுமுன் எர்த் வயரைப் பாருங்கள். இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவில் உள்ள பட்டை துருப்பிடித்துப் போய், பாதிக் கோளாறு அங்கே இருக்கும். ஃபோர் வீல் லீவரை மாதம் ஒரு தடவையாவது மண் தரையில் போட்டு ஓட்டுங்கள். போடாமலே இருந்தால் முன் ஹவுசிங்கில் ஆயில் ஏறாமல் சீல் காய்ந்து, மழை வருகிற அன்றைக்குச் சிக்கிக்கொள்ளும்.

வண்டி வந்ததும் கூட்டாளிகள் "காட்டுக்குள்ள விட்டுப் பாக்கலாம் மாப்ள" என்பார்கள். ஆனைமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகம். பாதையை விட்டு டயர் இறங்கினால் வனத்துறை வழக்கு நியாயமான வழக்கு. சொந்தக் காட்டில் உழுத நிலம் போதாதா விளையாட.

எவ்வளவுக்கு வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மீதி முதல் ஆறு மாதத்தில் தானாகவே பட்டறைக்குப் போய்ச் சேரும். டயரும் பிரேக்கும் முதலில், பெயின்டும் மியூசிக் சிஸ்டமும் கடைசியில்.

பார்க்கப் போகிற அன்று காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். சுத்தியல், டார்ச், ஜாக்கி, அடியில் விரிக்க ஒரு பழைய சாக்கு. "இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வெக்க வேண்டாமுங்க, நான் வந்துக்கறேன்" என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். போய் இறங்கினதும் வணக்கம் சொல்லிக்கொண்டே பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் டீயைக் குடித்துவிட்டு, இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.